அக்காவுக்குச் சொன்ன கதை

"அப்புறம் அவ தங்கச்சி என்ன ஆனா?"

அக்கா இப்படிக் கேட்டபோது அம்மா தூக்குப்போசியிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில். அதன் பெண்கள் விடுதி வாசலை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் இடம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்கள் வந்து அங்கே உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

விடுமுறை நாளிலும் உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் மழை பெய்வதைப் போல நிற்காத சத்தம். அக்கா குளித்துப் பூ வைத்து வந்திருந்தாள். ஆனாலும் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அம்மா இடது கையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"எந்தத் தங்கச்சி? நமக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. இவ சொல்ற கதையில வாரவ."

"தெரியலக்கா. அதுக்கப்புறம் புத்தகத்துல அவளப் பத்தி ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"அதெப்பிடி இல்லாம இருக்கும்? கூடப் பொறந்தவ தான?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகத்தை எழுதியவளே நான்தான் என்பதுபோல.

இதுவரை எழுதாதது

இந்தத் தொடரைப் படித்து வரும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சூரமங்கலம் விடுதியில் இருந்த நாட்களை எழுதும்போது 'அக்கா வாங்கிக் கொடுத்த சுடிதார்' என்று ஒரே ஓர் இடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே, அந்த அக்கா யார்?"

அவள் பெயர் பூங்கொடி. என்னைவிட ஒரு வயது மூத்தவள், பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. வேண்டுமென்றுதான் அவளை எழுதாமல் விட்டிருந்தேன். இந்த வாரம் எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "எழுதிக்க. மில்லுப் பேர மட்டும் போட்றாத" என்றாள்.

ரிக் வண்டியும் கோழிப்பண்ணையும்

எங்கள் ஊர் எருமப்பட்டிப் பக்கம். அப்பா ரிக் வண்டியில் வேலை செய்தார். வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில், பெயர் தெரியாத ஊரின் காட்டில், ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருப்பார். வரும்போது அவர் சட்டையெல்லாம் வேறு வேறு நிறத்தில் மண் இருக்கும். கறுப்பு, செம்மண், சாம்பல். "இது எந்த ஊரு மண்ணுங்ப்பா?" என்று கேட்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினாள். உடைசல் முட்டைகளை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் முட்டையில் வளர்ந்த பிள்ளைகள்.

நாங்கள் பத்தாவது முடித்த வருடம், அப்பாவின் காலில் இரும்புப் பைப் விழுந்தது. அந்தக் கால் பிறகு ஒழுங்காக ஊன்றவில்லை. வண்டிக்காரர்கள் மருத்துவமனைச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். அதோடு சரி.

அப்போதுதான் ஊருக்கு ஓர் ஆள் வந்தான். மில்லுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவன். மூன்று வருடம் உள்ளேயே தங்கி வேலை செய்ய வேண்டும், சோறும் இடமும் கைச்செலவுக்கு மாதம் கொஞ்சம் பணமும் அவர்களே கொடுப்பார்கள், மூன்று வருடம் முடிந்ததும் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் கிளம்பினால் அது கிடையாது.

யாரும் அக்காவைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அம்மா அழுதாள், அப்பா வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். "நான் போறனுங்ப்பா. இவ படிக்கட்டும்" என்றாள் அக்கா. ஒரு கட்டைப் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டு, பதினொன்றாவதுக்குச் சேர்வதற்காக வாங்கியிருந்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

அகராதியோடு படித்த புத்தகம்

இரண்டு வருடம் கழித்து நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். ஏன் ஆங்கிலம் என்று கேட்டால், அதில்தான் இடம் கிடைத்தது. பன்னிரண்டு வரை தமிழில் படித்தவளுக்கு முதல் ஆறு மாதம் வகுப்பில் நடப்பது சினிமாவைச் சத்தமில்லாமல் பார்ப்பதுபோல் இருந்தது.

முதல் வருடத்தின் இரண்டாம் பாதியில் ஒரு தன்வரலாறு பாடமாக இருந்தது. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து, விடுதலை பெற்ற ஒரு பெண் தன் வயதான காலத்தில் எழுதியது. விடுதியில் என் கட்டில் ஜன்னலோரம். சூரமங்கலத்தில் ரயில் போகும்போதெல்லாம் கம்பி அதிரும். அந்த ஜன்னலில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் என்று அதைப் படித்தேன்.

பஞ்சு எடுத்து எடுத்து விரல் நுனி வெடிப்பதை அவள் எழுதியிருந்தாள். விடியும் முன் அடிக்கும் மணியை எழுதியிருந்தாள். அந்த மணி அடிக்காத ஊரில் வந்து குடியேறிய பின்னும் பல வருடம் அதே நேரத்துக்கு விழித்துக்கொண்டதை எழுதியிருந்தாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அக்கா பொங்கலுக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வந்தபோது, இருட்டில் எழுந்து உட்கார்ந்து, தலையை முடிந்துகொண்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுவரைத் தடவியதை நான் பார்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் போன்

மில் விடுதியில் செல்போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையில் ஒரு போன். வரிசையில் நின்று பேச வேண்டும். வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால் எங்களுக்குள் பேச்சு எப்போதும் ஒன்றுதான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். நல்லாருக்கியா, நல்லாருக்கேன்.

ஒரு வாரம் பேச ஒன்றும் இல்லாமல், "ஒரு கதை படிக்கிறேன்க்கா" என்று ஆரம்பித்தேன். அடுத்த வாரம் அவளே, "அப்புறம்?" என்றாள்.

அப்படியே தொடர்ந்தது. பண்ணை முதலாளி பண்ணையக்காரர் ஆனார். சவுக்கோடு நிற்கிறவன் மேஸ்திரி ஆனான். அந்தக் கறுப்பினத்துப் பெண் என் வாயில் எங்கள் ஊர்த் தமிழ் பேசினாள். வார்டனுக்கு ஏதோ தெரிந்தவர்கள் வீட்டுச் சமாச்சாரம்போல் இருந்திருக்கும்.

நான் சொன்னதை அக்கா அவள் அறையில் இருந்த பெண்களுக்குச் சொன்னாள். ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் பஞ்சைத் தட்டிவிட்டு, வரிசையாகப் பாய் விரித்து உட்கார்ந்து கேட்பார்களாம். தருமபுரிப் பக்கத்துப் பெண்கள், கொல்லிமலைப் பெண் ஒருத்தி. கேள்விகள் எனக்குப் போனில் வரும்.

"ஆத்தத் தாண்டுனதும் அவளுக்கு பஸ்ஸு கெடைச்சுதான்னு கேக்கறாங்க புள்ள."

"அப்ப பஸ்ஸே இல்லக்கா."

"அட சாமி. நடந்தேவா போனா?"

அந்த ஆற்றைத் தாண்டுவதற்கு முன், ஒரு மழைநாள் விடியற்காலையில் அவள் பண்ணையை விட்டுத் தப்பித்துப் போகிறாள். தங்கைக்குக் கடும் காய்ச்சல், கூட்டிப் போக முடியாது. நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறாள். அத்தோடு புத்தகத்தில் தங்கை இல்லை. இந்த இடத்தை நான் போனில் சொன்ன வாரம், அக்கா "பின்னால நிக்கறாங்க, வெக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

வகுப்பில் வாசித்தது

புத்தகத்தை உங்கள் வாழ்க்கையோடு பொருத்தி இரண்டு பக்கம் எழுதி வந்து வாசியுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். நாம் எல்லாரும் செல்போனுக்கு அடிமை என்று ஒருத்தி வாசித்தாள். பெண்ணுக்குக் கல்யாணமே அடிமைத்தனம் என்று இன்னொருத்தி. கைதட்டல் விழுந்தது.

நான் அக்காவை எழுதியிருந்தேன். பெயர் சொல்லவில்லை. ஒரு நூற்பு மெஷினின் நீளத்துக்கு நடந்து நடந்து அறுந்த இழைகளை முடிச்சுப் போடுவது அவள் வேலை என்று எழுதியிருந்தேன். வாசலில் பூட்டு இருப்பதை, கடைக்குப் போனாலும் கூட்டமாகத்தான் கூட்டிப்போவதை, காய்ச்சலோடு நின்றதை. என் ஆங்கிலத்தில் ஏகப்பட்ட பிழை. வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. முன் வரிசையில் ஒருத்தி திரும்பி என் உடையை மேலும் கீழும் பார்த்தாள். அக்கா வாங்கிக் கொடுத்த சுடிதார்தான் அது.

பாடம் எடுத்த பேராசிரியை மதியம் என்னைக் கூப்பிட்டார். "இதையெல்லாம் விசாரிக்கிறவங்க எனக்குத் தெரிஞ்சு இருக்காங்க. உங்க அக்காவுக்குச் சம்மதம்னா நான் பேசறேன். கேட்டுட்டு வந்து சொல்லு" என்றார்.

அதைக் கேட்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போயிருந்தேன்.

தகரக் கூரைக்குக் கீழே

அம்மா தூக்குப்போசியைக் கழுவக் குழாயடிக்குப் போன நேரத்தில் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். பேராசிரியை சொன்னதை, வகுப்பில் வாசித்ததை.

"என்னப் பத்தியா எழுதுன?"

"பேரு சொல்லலக்கா."

"என்னன்னு எழுதுன?"

"அடிமைன்னு."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தட்டில் இருந்த குழம்பை விரலால் ஓரமாக ஒதுக்கினாள்.

"அவள வித்தாங்க சாமி. என்னைய யாரு வித்தா? நான் நானா வந்தேன்." தட்டைத் தள்ளி வைத்தாள். "போறதுதான் நானா முடியல."

"அதத்தான்க்கா நானும் எழுதினேன்."

"இருக்கட்டும். அந்தப் பேரு வேண்டாம். நாளைக்கு ஒரு மாப்பள ஊட்டுக்காரங்க காதுல விழுந்தா என்ன நெனப்பாங்க?"

"ஆளுங்க வந்து கேட்டா உன்னைய வெளிய உட்ருவாங்க."

"உட்ருவாங்க. வெறுங்கையோட உட்ருவாங்க. என்ன மட்டுமா? எங்கூட அத்தன பேரு இருக்காங்க. அவங்க ஊட்டுல எல்லாம் இத நம்பித்தான் இருக்காங்க. இன்னும் கொஞ்ச மாசந்தான். நீ ஒண்ணும் சொல்லாத. எனக்குச் சத்தியம் பண்ணு."

அம்மா வந்துவிட்டாள். "என்னங்கடி ரகசியம்?" என்றாள்.

"கதைம்மா" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை பேராசிரியையிடம் போய் அக்காவுக்குச் சம்மதம் இல்லை என்று சொன்னேன். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். "அன்னைக்கு நான் இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்" என்று அவரே சொன்னார். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் கேட்டிருந்தால் அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் கணக்கில் தப்பு இல்லை. சரியான கணக்கைப் போட்டும் தோற்றுப்போகிற இடத்தில் நாங்கள் இருந்தோம். வருத்தம் அதுதான்.

வெளியே வந்த பிறகு

மூன்று வருடம் முடிந்து அக்கா வெளியே வந்தாள். பிடித்தம் எல்லாம் போக அவர்கள் கொடுத்தது கல்யாணத்துக்குச் சரியாக இருந்தது. கல்யாணத்துக்கு மட்டும்.

அவளுக்கு வேறோர் ஆசை இருந்தது. தனித்தேர்வராகப் பதினொன்று, பன்னிரண்டு எழுத வேண்டும். நாமக்கல்லில் ஒரு கடையில் நானும் அவளும் போய்ப் பழைய கைடுகள் வாங்கி வந்தோம். வரலாறு அவளுக்குப் பிடித்திருந்தது. காலையில் மணி இல்லாமலே விழித்துக்கொண்டு, விளக்கைப் போட்டுப் படிப்பாள். ஒரு நாள், "அந்த அமெரிக்காக்காரி எத்தன வயசுல எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா?" என்று கேட்டாள். உன்னைவிடப் பெரியவளாய் இருக்கும்போதுதான் என்றேன். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

வெண்ணந்தூரிலிருந்து மாப்பிள்ளை வீடு வந்தது. விசைத்தறி ஓட்டுகிறவர், நல்ல மனிதர், குடி இல்லை. மில்லுக்குப் போய் வந்த பெண் என்றால் இரண்டு கேள்வி கேட்கிற ஊரில் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா அதற்குமேல் யோசிக்கவில்லை. "பரிச்ச எங்க போகுது, அங்க போயும் எழுதலாம்" என்றாள் அம்மா.

கைடுகளை எடுத்துக்கொண்டுதான் போனாள். முதல் பிரசவத்துக்கு வந்தபோது அவற்றைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் படித்து முடித்தேன். பி.எட். படித்தேன். சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தின் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஈரத்துணி இடம் வரும்போது வேகமாகத் தாண்டிவிடுவேன்.

பழைய ஆள்

சில வருடங்களுக்கு முன் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மாமாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை இருந்தால் அதிகம். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் மாலை போன் செய்தாள்.

"வேலைக்குப் போலாம்னு இருக்கேன் புள்ள. மில்லுக்கு."

"எந்த மில்லுக்கு?"

"அதேதான். மெஷினுக்கு இல்ல. ஆஸ்டலுக்கு வார்டனா. பழைய ஆளுன்னு அவங்களே கூப்புட்டு உட்டாங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஏன் பேசாம இருக்கற?"

"ஒண்ணுமில்லக்கா."

"எனக்குத் தெரியும் நீ என்ன நெனக்கறன்னு. வேற ஒருத்தி இருக்கறதுக்கு நானிருந்தா அந்தப் புள்ளைங்களுக்குக் கொஞ்சம் நல்லாயிருக்குமில்ல?"

நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. மாதவிடாய் நாட்களில் பெண்கள் ஒரு ஷிப்ட் படுத்துக்கொள்ள அவள் மேனேஜரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கினாள். குளிக்க வெந்நீர் வந்தது. காய்ச்சல் கண்டால் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இப்போது வரும் பெண்களில் பாதிப் பேர் வடக்கே இருந்து வருகிறவர்கள். சைகையிலும் அரைகுறை இந்தியிலும் அவர்களோடு பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"நம்ம கதையச் சொல்லுவியாக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அதெல்லாம் சொல்றதில்ல" என்றாள். "நான் சொன்னா நல்லாருக்காது."

சென்ற மாதம்

பள்ளி விடுமுறையில் வெண்ணந்தூர் போயிருந்தேன். அக்காவுக்கும் அன்று லீவு. காலை வெயிலில் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தார்கள். அவள் முன்னைவிட இளைத்திருந்தாள். மில் பஞ்சில் பிடித்த இருமல் இன்னும் இருந்தது.

"ஒரு விசயம் சொல்றேன். மாமாகிட்டகூடச் சொல்லல" என்று ஆரம்பித்தாள்.

தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. யாரோடும் பேச மாட்டாள். தலைகாணியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ராசிபுரத்துக்குக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது அவள் மட்டும் இல்லை. மேனேஜர் அக்காவுக்குப் போன் போட்டார். போய்க் கூட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் நீயும் வர வேண்டாம் என்றார். மில் வேனைக் கொடுத்தார்கள்.

"பஸ் ஸ்டேண்டுலதான் இருந்துச்சு. சேலம் பஸ்ஸு நிக்கற எடத்துல, சிமிண்டு பெஞ்சுல. கையில ஒரு துணிப் பை. அவ்வளவுதான்."

"உன்னப் பாத்ததும் என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. பாத்துட்டே இருந்துச்சு. நான் போயிப் பக்கத்துல உக்காந்தேன். வேன் டிரைவர் டீக்குடிக்கப் போயிட்டான். எனக்கும் அதுக்கும் நடுவுல யாருமே இல்ல. சேலம் பஸ்ஸு இஞ்சின் ஆன்ல நிக்குது. கண்டக்டர் கூப்புட்டுட்டு இருக்கான்."

"நீ என்னக்கா சொன்ன?"

"சாப்புட்டியான்னு கேட்டேன்."

அக்கா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"இல்லீங்கன்னுச்சு. வேற என்ன பேசறதுன்னு எனக்குத் தெரீல. என்னோட ரெண்டு புள்ளைங்க நெனப்புல வந்துச்சு. இது ஏறிப் போயிருச்சுன்னா அப்புறம் நான் என்ன பண்றதுன்னு வந்துச்சு. ஆனாலும் நான் வான்னு சொல்லல புள்ள. சத்தியமாச் சொல்லல. வெறுமனே எந்திரிச்சு நின்னேன். அதும் எந்திரிச்சுப் பையை எடுத்துக்கிச்சு. வேனுக்கிட்ட நடக்க ஆரம்பிச்சிருச்சு. நான்தான் பின்னால போனேன்."

அடுத்த வீட்டில் டிவியில் யாரோ சிரித்தார்கள்.

"அது ஓடியிருந்தா நான் தொரத்தியிருக்க மாட்டேன் சாமி. அது ஓடல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெங்காய வாசனை அடித்த அந்தக் கை குளிர்ந்திருந்தது.

"இப்ப அந்தப் பொண்ணு எங்கக்கா?"

அக்கா வெயிலைப் பார்த்து நேரத்தை யோசித்தாள்.

"காலை ஷிப்டு. இந்நேரம் மெஷின்ல நின்னுட்டு இருக்கும்."